காக்கையின் மேல் ஒரு பிராது

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. வகுப்பில் ஆஜர்ப் பட்டியல் வாசித்து முடிப்பதற்குள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். நம் தெருக்காரப் பெண்தான். தினந்தோறும் பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில் நம் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, அங்குள்ள செம்பருத்திச் செடியை எட்டிப் பார்த்துவிட்டு வருவது அவள் வழக்கம். அதில் ஒரு கொண்டைக் குருவி கூடு கட்டி, மூன்று முட்டையிட்டு, மூன்றையும் பொரித்திருந்தது.

"ஸார், குஞ்சுகளைக் காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒன்றைக்கூட விடவில்லை" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

வகுப்பு முழுவதும் கொதித்து எழுந்தது. கடைசிப் பெஞ்சியிலிருந்த பையன் ஒருவன், "காக்கைகளையெல்லாம் ஒழித்துவிட்டால் சின்னக் குருவிகள் பிழைத்துக்கொள்ளும் அல்லவா, ஸார்?" என்று கேட்டான்.

இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிற நாம், பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு உடனே ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிச் சமாளிக்கும் வித்தையை ஒருவாறு கற்றிருக்கிறோம். அன்று அந்த வித்தை பலிக்கவில்லை. காரணம் இதுதான்: அந்தக் காக்கைக்கு அன்று காலையில் மதிற்சுவரின் மேல் ஒரு பிடி சாதம் வைத்து, "கா, கா" என்று அழைத்தவர் நம் தாயார். அவர் வைத்த சாதத்தைத் தின்றுவிட்டு, அதே மதிலிலிருந்தபடியே செம்பருத்திக்குள் நோட்டம் பார்த்திருக்கிறது, அந்த நன்றிகெட்ட பக்ஷி!

"நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். பதில் தேடப் போய் ஐப்பசியும் பிறந்துவிட்டது. அந்தப் பதிலையே நேயர்கள் முன்பு இப்பொழுது வைக்கிறோம்.

பிரதிவாதி

நம் நாகூரில் காக்கை இரண்டு ஜாதி. உடம்பு முழுவதும் மையாகக் கறுத்து, தடித்த அலகுடன் இருப்பது அண்டங்காக்கை. கழுத்தைச் சுற்றிச் சாம்பல் பூசியதுபோல் இருப்பது ஊர்க்காக்கை. நம் பிராது முக்கியமாக இந்த ஊர்க்காக்கையின் மேல்தான். எடை கால் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். கொண்டைக் குருவி அதில் ஏழில் ஒரு பங்கு. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் தையற்சிட்டோ பத்துக் கிராம்கூட இராது. இவர்களுக்குள் யுத்தம் என்று ஒன்று நடப்பதற்கே இடமில்லை.

காக்கை பலத்தை மட்டும் நம்பி வாழும் பறவையும் அல்ல. தாய்க்குருவி வாயில் புழுவுடன் எந்தச் செடிக்குள் நுழைகிறது, எத்தனை தடவை நுழைகிறது என்று பொறுமையாகக் கவனித்துக்கொண்டிருக்கிறது. ஒரு காக்கை கண்டுவிட்டால் இரண்டு காக்கை வருகின்றன. ஒன்று தாயை விரட்டிக்கொண்டு போகும். மற்றொன்று காரியத்தை முடிக்கும். முட்டையிலிருந்து குஞ்சு வெளிவர இரண்டு வாரம். குஞ்சு பறந்து போக மேலும் இரண்டு வாரம். இந்த நாலு வாரத்தில் ஒரு நாள் காக்கையின் கண்ணில் பட்டால் போதும், அந்த வருஷத்துப் பாடு வீண்.

இவ்வளவும் காக்கையின் குற்றந்தான். ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். இது வேற்று நாட்டிலிருந்து வந்த பறவை அல்ல. காக்கையைப் பாடியதாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற பெண்பாற் புலவர் ஒருவர் சங்க காலத்திலேயே இருந்திருக்கிறார். ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் காக்கையும் இருக்கிறது. கொண்டைக் குருவியும், தையற்சிட்டும், மாம்பழச்சிட்டும் இருக்கின்றன. காக்கை முட்டை திருடுவதால் சின்னக் குருவிகள் அழிந்து போகும் என்றால், எப்பொழுதோ அழிந்து போயிருக்க வேண்டுமே? இத்தனை காலமும் அவற்றைக் காப்பாற்றி வந்தது எது? அது இப்பொழுது எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு முன்னால், காக்கை கடல் தாண்டிப் போய் என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம். துறைமுகத்துப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு அந்தக் கதை அந்நியமானதல்ல.

கப்பலேறிய காக்கை

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போன காலத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் சுமார் அரை நூற்றாண்டு அந்த வழியில் ஓடியது. வியாபாரிகளும் தொழிலாளிகளும் போனார்கள். போன இடத்தில் நாகூர் ஆண்டவரின் நினைவாகப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தர்காக்கள் எழுப்பினார்கள். மனிதர்களைப் போலவே காக்கையும் கப்பலேறிப் போயிருக்கிறது. சில இடங்களுக்கு அழைத்துப் போனார்கள். சில இடங்களுக்கு டிக்கெட் இல்லாமல் தானே போயிற்று.

மலாய் நாட்டுக் கிள்ளானில் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்கென்று 1890-களில் இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அதே காலத்தில் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸான்ஸிபார் தீவுக்கும், அங்கே குப்பையைத் தின்று ஊரைச் சுத்தமாக வைக்கும் என்று நம்பிக் கொண்டுபோனார்கள். 1947-ல் மொம்பாஸா துறைமுகத்தில் காக்கை தென்பட்டது. 1994-ல் ஐரோப்பாவில் ஹாலந்து தேசத்துத் துறைமுகம் ஒன்றில்கூட நம் ஊர்க்காக்கை போய் இறங்கிற்று என்றால், அதன் சாமர்த்தியத்தை என்னவென்பது!

ஆப்பிரிக்காவில் குப்பை தின்னப் போனது அதோடு நிற்கவில்லை. கிழக்குக் கரை நகரங்களில் தூக்கணாங்குருவி இனங்கள் முதலிய சிறு பறவைகளின் கூடுகளைச் சூறையாடிற்று. பல இடங்களில் அந்த ஊர்ப் பறவைகள் நகரத்தைவிட்டே விலகிப் போயின. பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப் போவதாகக் கென்யா தேசத்து வனவிலங்கு இலாகா 2024-ல் அறிவித்தது. சிங்கப்பூரில் துப்பாக்கியெடுத்துச் சுட்டார்கள்.

சிங்கப்பூரில் நடந்த இன்னொரு விஷயம் சுவாரஸ்யமானது. காக்கையின் கூட்டில் முட்டையிட்டுக் காக்கையைக்கொண்டே தன் குஞ்சை வளர்த்துக்கொள்ளும் குயில், அங்கே முன்பெல்லாம் குளிர்காலத்தில் மட்டும் வந்து போகும் விருந்தாளியாக இருந்தது. காக்கை பெருகிய பிறகு, 1980-களிலிருந்து அங்கேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டது. காக்கை இருக்கும் இடத்துக்குக் குயிலும் வந்து சேருகிறது. நம் நாட்டிலோ அந்தக் கடிவாளம் ஆதிகாலம் முதலே இருக்கிறது. நம் ஊர்த் தென்னந்தோப்பில் ஆண் குயில் காக்கைகளின் எதிரில் பறந்து வம்புக்கு இழுத்துக்கொண்டு போவதையும், அந்தச் சமயம் பார்த்துப் பெண் குயில் கூட்டுக்குள் நுழைவதையும் பார்த்து ரஸிக்காதவர் யார்? பிறந்த நாட்டில் ஒவ்வொரு போக்கிரிக்கும் ஒரு போலீஸ்காரன் இருக்கிறான். போன நாட்டில் அவன் இல்லாததால்தான் அத்தனை அட்டகாசமும் என்று எண்ணித் திருப்தியடைந்துவிடலாம் போலிருக்கிறது.

ஆனால் அப்படித் திருப்தியடைந்துவிட முடியாது என்று ஒரு தேசம் நமக்குச் சொல்கிறது.

பிறந்த மண்ணிலேயே போக்கிரி

அந்தத் தேசம் ஆஸ்திரேலியா. அங்கே 'இரைச்சல் மைனர்' என்று ஒரு பறவை உண்டு. மஞ்சள் அலகும் கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் திட்டும் இருப்பதால் நம் மைனாவின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். மற்றபடி மைனாவுக்கும் அதற்கும் உறவு இல்லை. தேன் உண்ணும் ஜாதியைச் சேர்ந்தது. நம் மைனா அங்கே 1860-களில் கொண்டுபோய் விடப்பட்ட அந்நியப் பறவை. இரைச்சல் மைனரோ அந்த மண்ணிலேயே தோன்றிய சுதேசிப் பறவை.

கூட்டங் கூட்டமாக வாழும் இந்தப் பறவை, தான் பிடித்த தோப்புக்குள் வேறு எந்தப் பறவையையும் சகிக்காது. காக்கையாவது முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆசைப்பட்டு வருகிறது. மைனருக்கு அந்த ஆசைகூட இல்லை. உள்ளே வந்தவன் சின்னவனா பெரியவனா, இரைக்குப் போட்டியா இல்லையா என்று கேளாமல், பத்துப் பதினைந்தாகச் சேர்ந்து கூச்சலிட்டு, கொத்தித் துரத்தும். தன்னைவிடச் சிறிய பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தோப்பைக் காலி செய்கின்றன. ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு ஒரு மைனர் என்ற விகிதத்தில் இருந்தால்கூடச் சிறு பறவைகளின் தொகை குறைந்துவிடுகிறது என்று அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். சிறு பறவைகள் இல்லாத தோப்பில் இலை தின்னும் பூச்சிகள் பெருகித் தைல மரங்கள் வாடுவதையும் கண்டிருக்கிறார்கள். 2014-ல் அந்நாட்டு ஸர்க்கார், இந்தச் சுதேசிப் பறவையின் ஆக்கிரமிப்பை இயற்கைக்கு நேர்ந்திருக்கும் பெரிய அபாயங்களில் ஒன்றாகச் சட்டப்படி அறிவித்தார்கள்.

இந்த மைனர் திடீரென்று போக்கிரியாக மாறிவிட்டதா? இல்லை, அதன் சுபாவம் ஆதி முதல் இதுவேதான். மாறியது காடு. வெள்ளைக்காரக் குடியேறிகள் கோதுமைக்கும் ஆட்டு மந்தைக்கும் என்று காடுகளை வெட்டித் திறந்த வெளியாக்கினார்கள். எஞ்சிய மரங்கள் திட்டுத் திட்டாக நின்றன. மரத்தடியிலிருந்த புதர்களை ஆடும் மாடும் தின்று தீர்த்தன. மேலே மரம், கீழே வெறும் புல் என்ற அமைப்பு எதுவோ அதுதான் மைனருக்கு மிகவும் உகந்த இடம். அடர்ந்த காட்டின் ஓரத்தில் அது நிற்கும். உள்ளே போகத் தயங்கும். ஓரத்திலிருந்து 150 முதல் 300 மீட்டர் வரைதான் அதன் அதிகாரம் செல்லுபடியாகும். காடு பெரிதாக இருந்தபோது ஓரம் சிறிதாக இருந்தது. காடு துண்டு துண்டானபோது எல்லாமே ஓரமாகிவிட்டது.

நம் கடைசிப் பெஞ்சிப் பையன் சொன்ன யோசனையையும் அங்கே செய்து பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் மைனர்களைப் பிடித்து அகற்றியபோது சிறு பறவைகள் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் வேறு பல இடங்களில், சுட்ட இடம் காலியாவதற்குள் பக்கத்துத் தோப்பு மைனர்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. சத்திரத்தை மாற்றாமல் விருந்தாளிகளை மட்டும் விரட்டினால், வாசலில் காத்திருப்பவர்கள் உள்ளே வருவார்கள், அவ்வளவுதான்.

வேலியும் மதிலும்

இதைப் படித்துக்கொண்டிருந்த அன்று இரவு, நமக்கு ஒரு பழைய விஷயம் நெஞ்சில் முள்ளாகக் குத்திற்று.

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அந்தப் பக்கத்தில் தென்னையும் மாவும் பலாவும் சாய்ந்த கோரத்தை நேயர்கள் அறிவார்கள். நம் வீட்டைச் சுற்றி நம் தகப்பனார் காலத்தில் வைத்த உயிர்வேலி ஒன்று இருந்தது. மருதாணி, நொச்சி, ஆடாதொடை எல்லாம் பின்னிப் பிணைந்து ஆள் உயரத்துக்கு நிற்கும்; அதன் மேல் முல்லைக் கொடி படர்ந்திருக்கும். புயலில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "நிமிர்த்தி முட்டுக் கொடுத்தால் துளிர்த்துவிடும், அப்பா" என்றார் தாயார். நாம் கேட்கவில்லை. பாம்பு வரும், குப்பை சேரும், தெருவில் எல்லோரும் மதில் கட்டிவிட்டார்கள் என்று பல நியாயங்கள் சொன்னோம். வேலியை வேரோடு எடுத்துவிட்டுச் சிமெண்டு மதில் எழுப்பினோம். அழகுக்கு ஒரு செம்பருத்தியை வைத்து, அதையும் மாதந்தோறும் கத்தரித்து, நாலு பக்கமும் காற்று விளையாடும்படி செய்தோம்.

அந்த வேலியில் வருஷந்தோறும் கூடு கட்டிய கொண்டைக் குருவிக்கு வேறு போக்கிடம் ஏது? கத்தரித்த செம்பருத்தியில் கட்டிற்று. மதிலின்மேல் உட்கார்ந்த காக்கைக்கு அது கண்ணாடிப் பெட்டியில் வைத்த பலகாரம்போல் தெரிந்தது. அந்தக் காக்கைக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தவர்கள் நாமே.

வேலி என்பது அடைப்பு மட்டும் அல்ல என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம். பெரிய பறவை இறக்கையை விரிக்க முடியாத இடத்தில் சின்னப் பறவை நுழைந்து புறப்படும். முள்ளும் குச்சியும் நெருங்கிய இருட்டில் காக்கையின் கண்ணுக்கும் வேலை இல்லை, பலத்துக்கும் வேலை இல்லை. அதன் சாமர்த்தியம் முழுவதும் வெட்டவெளிக்குச் சொந்தமானது. இதைக் கண்ணாரக் காண விரும்புகிறவர்கள் நாகூரிலிருந்து தெற்கே போக வேண்டும். 1930-ல் ராஜாஜி உப்பெடுத்த வேதாரண்யத்தையும் தாண்டினால் கோடியக்கரை. 1967 முதல் அது சரணாலயமாக இருக்கிறது. பாலை மரமும் முட்புதர்களும் வருஷம் முழுவதும் பசுமை மாறாமல் நெருங்கி நிற்கும் காடு அது. இமயத்து அடிவாரத்திலிருந்து இலங்கைக்குப் போகும் வழியில் தோட்டக்கள்ளன் என்ற ஆறுமணிக் குருவி களைத்து வந்து இறங்குவது அந்தப் புதர்களில்தான். வால்காக்கை, செம்போத்து முதலிய முட்டைத் திருடர்கள் அங்கேயும் இல்லாமலில்லை. ஆனாலும் ஒளிய இடமிருப்பதால் சின்னக் குருவிகளின் குடும்பம் நடக்கிறது. அந்தக் காட்டையும் கஜா விட்டுவைக்கவில்லை. மரங்களை முறித்துப் போட்டது. ஆனால் விழுந்த காடு, வேரை யாரும் பறிக்காவிட்டால், மறுபடியும் துளிர்க்கிறது. நம் வீட்டு வேலிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

தஞ்சாவூர்ச் சீமை நெல் விளையும் சீமை. இங்கே காடு என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. வயலுக்கு நடுவே சின்னப் பறவைகளுக்குக் காடாக இருந்து வந்தவை வீட்டு வேலிகளும், கொல்லைப்புறத்து மூங்கில் குத்தும், வாய்க்கால் கரைத் தாழம்புதரும், ஐயனார் கோயில் தோப்புமே. ஒவ்வொன்றும் சிறிது, எல்லாம் சேர்ந்தால் பெரிது. ஒவ்வொருவரும் தம் வீட்டு வேலியை மட்டுந்தான் எடுக்கிறார்கள். எல்லோரும் எடுத்து முடித்த பிறகு பார்த்தால் ஒரு காடு காணாமல் போயிருக்கிறது!

இலவச அன்னசத்திரம்

ஒளியும் இடம் போனது ஒரு பாதி. மற்றொரு பாதி சாப்பாட்டு விஷயம்.

காட்டிலே ஒரு வேட்டைப் பறவை இரையைத் தின்று தீர்த்தால், அடுத்த வருஷம் தானே பட்டினி கிடந்து குறைந்து போகும். இரை பெருக, அதுவும் பெருகும். இயற்கை வைத்திருக்கும் தராசு இது. ஊர்க்காக்கையின் விஷயத்தில் இந்தத் தராசு முறிந்துவிட்டது. அது குருவி முட்டையை நம்பி வாழவில்லை. தெருமுனையில் கொட்டிக் கிடக்கும் எச்சில் இலை, கல்யாண மண்டபத்துப் பின்புறம், மீன் விற்கும் இடத்துக் குடலும் செதிளும், கோழிக் கடைக் கழிவு எல்லாம் அதற்கு மூன்று வேளை சாப்பாடு. குருவிக் குஞ்சு சாப்பாட்டுக்குப் பிறகு போடும் தாம்பூலம் மாதிரி. குருவிகள் ஒன்றுகூட மிஞ்சாமல் போனாலும் காக்கைக்கு ஒரு வேளைப் பட்டினியும் கிடையாது. மனிதர் குடியில்லாத காட்டில் இந்தக் காக்கையைக் காண்பது அரிது என்பதே, அது யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்லிவிடும்.

தாயாரிடம் இதைச் சொன்னோம். சாதம் வைப்பதை நிறுத்திவிடச் சொல்லப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார் போலும். "பித்ருக்களுக்கு என்று ஒரு பிடி வைக்கிறேன். அதனாலா ஊரில் காக்கை பெருகிவிட்டது? தெருக்கோடியில் ஒரு வண்டிச் சோறு கொட்டிக் கிடக்கிறதே, அதை யார் வைத்தது?" என்று கேட்டார். எண்பது வயதில் இவ்வளவு சரியான கணக்கு! ஒரு பிடியையும் ஒரு வண்டியையும் ஒன்றாகக் கருதிய நம் புத்தியை நொந்துகொண்டோம்.

மரைக்காயர் வீட்டுக் கொத்தவால்

பக்கத்து வீட்டு மரைக்காயர் தம் கொல்லையில் எதையும் வெட்டாதவர். மருதாணியும் எலுமிச்சையும் அரளியும் அங்கே இஷ்டம்போல் வளர்ந்து கிடக்கின்றன. நம் வீட்டுக் கூடு கலைந்த அதே பங்குனியில் அவர் வீட்டில் புள்ளிப்புறா ஒன்றும் கொண்டைக் குருவி ஒன்றும் சுகமாகக் குஞ்சு பொரித்துப் பறக்கவிட்டன. "உங்கள் கொல்லைக்குக் காக்கை வருவதில்லையா?" என்று கேட்டோம்.

"வாத்தியார் ஸார், நம் வீட்டில் சம்பளமில்லாத காவல்காரன் ஒருவன் இருக்கிறான்" என்று வேப்ப மரத்தின் உச்சியைக் காட்டினார்.

அங்கே ஒரு கவட்டையில் கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி, கூடு கட்டியிருந்தது. எடை ஐம்பது கிராம் இருக்கும். காக்கை அதைப்போல் ஐந்தாறு மடங்கு. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காக்கை ஒன்று வேப்ப மரத்துப் பக்கமாக வந்தது. கரிச்சான் அம்புபோல் பாய்ந்து அதன் முதுகில் கொத்திற்று. காக்கை அலறிக்கொண்டு திரும்பியது. தெருவின் மறுகோடி வரையில் துரத்திவிட்டு வந்து, ஒன்றும் நடவாததுபோல் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டது அந்தக் காவல்காரன். பருந்தையும் வல்லூற்றையும்கூட அது விடாது. வடநாட்டில் இதற்குக் கொத்தவால் என்று பெயர் வைத்திருப்பது மிகப் பொருத்தம். புறா, மாங்குயில், கொண்டைக் குருவி முதலிய சாதுப் பறவைகள் கரிச்சான் கூட்டுக்கு அருகிலேயே, சில சமயம் அதே மரத்தில், கூடு கட்டுவதைப் பறவை அறிந்தவர்கள் வெகு காலமாகக் குறித்து வந்திருக்கிறார்கள்.

வேதாரண்யத்தில் பிறந்த பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் ஒரு கதை சொல்கிறார். காக்கை முதலிய பறவைகளிடம் கொத்துப்பட்டு நொந்த கரிக்குருவி ஒன்று மதுரைக்குப் பறந்து வந்து சொக்கநாதரை வணங்கியது. பெருமான் அதற்கு மந்திரம் உபதேசித்து, எளியானாக இருந்ததை 'வலியான்' ஆக்கினார். கரிச்சானுக்கு வலியன் என்ற பெயர் நம் நாட்டில் இன்றும் வழங்குகிறது. காக்கையை எதிர்க்கும் கரிய சிறு பறவையை நம்மவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் இப்படியொரு கதை பிறந்திருக்கும்!

இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. சண்டைக் குணத்தில் கரிச்சான் ஆஸ்திரேலிய மைனருக்குச் சற்றும் இளைத்ததல்ல. அதுவும் பரம சாது என்று சொல்ல மாட்டோம். முக்கியமாகப் பூச்சியையே தின்றாலும், எப்பொழுதாவது ஒரு சிறு குருவியின் மேல் கை வைப்பதும் உண்டு. இருந்தாலும் ஒரு சண்டைக்காரப் பறவை இருக்கும் தோப்பில் சிறு பறவைகள் அகதிகளாகின்றன. இன்னொரு சண்டைக்காரப் பறவை இருக்கும் தோப்பில் அவை அடைக்கலம் பெறுகின்றன. ஆகையால் ஒரு பறவை முரட்டுப் பறவை என்பதனால் மட்டும் மற்றவை அழிந்துவிடுவதில்லை. அந்த முரட்டுத்தனத்துக்கு எல்லை வகுக்கும் புதரும் பசியும் எதிரியும் அந்த இடத்தில் இருக்கின்றனவா என்பதே விஷயம்.

பையனுக்குப் பதில்

ஆகவே, கடைசிப் பெஞ்சிப் பையனுக்கு நம் பதில் இது: காக்கையை ஒழிப்பதால் சின்னக் குருவி பிழைத்துவிடாது. குப்பை இருக்கும் வரையில் அடுத்த தெருக் காக்கை வரும். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் எலியோடும் வௌவாலோடும் சேர்த்துக் காக்கையையும் தீங்கு செய்யும் பிராணிகளின் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். நம் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுவதுதான் நியாயம். ஊர் அசுத்தத்தைத் தின்று தீர்க்கும் உபகாரத்தையும் காக்கை செய்து வருகிறது என்பதை மறக்கலாகாது.

செய்ய வேண்டிய காரியங்கள் வேறு. வீட்டுக் கழிவை மூடி வைத்து, வண்டி வரும்போது கொடுப்பது ஒன்று. மீனும் கோழியும் விற்கிற இடத்துக் கழிவைத் திறந்த வெளியில் கொட்டாமல் புதைப்பது ஒன்று. பங்குனி முதல் ஆனி வரையில், பறவைகள் கூடு கட்டும் காலத்தில், செடிகொடிகளைக் கத்தரிக்காமல் இருப்பது ஒன்று. கரிச்சான் தங்கும் வேம்பையும் பூவரசையும் வெட்டாமல் விடுவது ஒன்று. அது வயலில் பூச்சி பிடிக்க வசதியாகக் குச்சி நட்டு வைக்கும் விவசாயிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, மதில் இருந்தாலும் அதன் உட்புறமாக ஒரு வரிசை வேலிச் செடி வைப்பது. மருதாணியும் நொச்சியும் ஆடாதொடையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. மழைக்காலத்தில் ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் தானே பிழைத்துக்கொள்ளும்.

இந்த ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள், மரைக்காயர் வீட்டிலிருந்து ஒரு கட்டு மருதாணிக் குச்சியும் நொச்சிக் குச்சியும் வாங்கி வந்து, மதிலோரமாக நட்டோம். எந்த இடத்தில் முன்பு வேலி இருந்தது என்று தாயார் திண்ணையிலிருந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். அந்தச் சிறுமியும் கடைசிப் பெஞ்சிப் பையனும் வந்து உதவினார்கள். பையன் எண்ணிப் பார்த்து, மொத்தம் 64 குச்சிகள் என்றான்.

"அடுத்த பங்குனியில் குருவி கூடு கட்டுமா, ஸார்?" என்று சிறுமி கேட்டாள். கட்டாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. காக்கையின் கண்ணை மறைக்கும் அளவுக்கு வேலி நெருங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். அப்பொழுது அவள் பத்தாம் வகுப்பில் இருப்பாள். ஒரு நாளில் வெட்டியதை வளர்ப்பதற்கு அவ்வளவு காலம் வேண்டியிருக்கிறது.

அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இப்பொழுதும் தினந்தோறும் காலையில் நம் வாசலில் ஒரு நிமிஷம் நிற்கிறாள். மதிலுக்கு உட்புறம் எட்டிப் பார்த்து, எத்தனை குச்சி துளிர்த்திருக்கிறது என்று எண்ணிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். நேற்றைய கணக்கு 41. மதிலின்மேல் காக்கை சாதம் தின்றுகொண்டிருந்தது.